பெரியப்பா பெட்டியில் ஒரு நீலக் கல்: பெயர் தெரியாத கல்லை அடையாளம் காண்பது எப்படி?

போன மாதம் பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பெரியப்பா ஜாம்ஷெட்பூரில் எஃகு ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் மலைப்பக்கம் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வருவார் என்று பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்தக் கற்களை நான் பார்த்ததில்லை. பெட்டிக்குள் பழைய இந்திச் செய்தித்தாளில் சுற்றிய இருபத்திரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதச் சீட்டு ஒட்டி ஏதோ எழுதியிருந்திருக்கிறார், பூச்சி அரித்தது போக முக்கால்வாசியில் எண் மட்டும்தான் மிச்சம். அதில் 7 என்ற எண் போட்ட கல் நீலமாக இருந்தது. உள்ளங்கை நீளம், நடுவில் இங்க் கொட்டியது போல அடர் நீலம், ஓரத்துக்குப் போகப் போக வெளுத்து வெள்ளையாகிவிடுகிறது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கல்லுக்கு நான்கு பெயர் வந்துவிட்டது. அண்ணன் "இது நீலம்டா, நவரத்தின நீலம், லட்சக்கணக்கில் போகும்" என்றார். பெரியம்மாவுக்கு அதனாலேயே பயம், சனிக்குரிய கல்லை ஜாதகம் பார்க்காமல் வீட்டில் வைத்திருக்கலாமா என்று. நகைக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போட்டோவைப் பார்த்து லாபிஸ் லசுலி என்றார். அக்கா மகன் போன் செயலியில் மூன்று கோணத்தில் படம் எடுத்தான், மூன்று படத்துக்கும் மூன்று பதில், அதில் ஒன்று அண்ணன் சொன்ன அதே நீலம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நிறத்தைப் பார்த்தார்கள், நிறத்துக்குப் பொருந்துகிற பெயரைச் சொன்னார்கள். கற்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. பச்சை என்றால் மரகதம், சிவப்பு என்றால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலம். ஆனால் ஒரு கல்லை அடையாளம் காண நிறத்தைப் போல ஏமாற்றுகிற அடையாளம் வேறு இல்லை. அதை ஏன் நம்பக் கூடாது, வேறு எதை நம்பலாம் என்று இந்த ஒரு கல்லை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

மஞ்சள் கிழங்கும் நீலம் போட்ட வேட்டியும்

மஞ்சள் கிழங்கை உடையுங்கள், இடியுங்கள், அரையுங்கள். மஞ்சளாகவே இருக்கும். நிறம் அந்தப் பொருளின் உடம்பிலேயே இருக்கிறது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, அது வேறு கதை. வேட்டி பருத்தி, அதில் ஏறிய துளி நீலம் வெளியிலிருந்து வந்தது. அதைப் பார்த்து "இது நீலம் என்ற பொருளால் ஆன துணி" என்று யாரும் சொல்ல மாட்டோம்.

கற்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. அசுரைட் என்ற செம்புத்தாது மஞ்சள் கிழங்கு மாதிரி. அதன் உடம்பிலேயே செம்பு இருக்கிறது, அந்தச் செம்புதான் நீலம், எனவே அசுரைட் எப்போதும் நீலம்தான். நவரத்தினத்தில் வரும் நீலம் வேட்டி வகை. அதன் அடிப்படைப் பொருள் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, சுத்தமாக இருந்தால் தண்ணீர் போல நிறமே இருக்காது. அதில் இரும்பும் டைட்டானியமும் மிக மிகச் சிறிய அளவில் கலந்துவிட்டால் நீலம். அதே பொருளில் குரோமியம் கலந்தால் சிவப்பு, அப்போது அதற்கு மாணிக்கம் என்று பெயர். ஆக மாணிக்கமும் நீலமும் ஒரே பொருள்தான், விருந்தாளிதான் வேறு.

அந்தப் பொருளுக்கு உலகம் முழுக்கக் கொரண்டம் என்று பெயர். அந்தச் சொல் நம்முடைய "குருந்தம்" என்பதிலிருந்து போனது. சாணை பிடிக்க நம் ஊர்க்காரர்கள் பயன்படுத்திய கல்லின் பெயர் அப்படியே அறிவியலுக்குப் போயிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எப்படி ஒரு துளி இரும்பும் டைட்டானியமும் கல் முழுவதையும் நீலமாக்குகிறது? இரண்டு அணுக்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்போது, கல்லுக்குள் நுழைகிற வெளிச்சத்தில் மஞ்சள், சிவப்புப் பகுதியை விழுங்கி அந்தச் சக்தியில் ஓர் எலக்ட்ரான் இரும்பிலிருந்து டைட்டானியத்துக்குத் தாவுகிறது. விழுங்கியது போக நம் கண்ணுக்கு வருவது நீலம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

சுருக்கமாகச் சொன்னால், நிறம் சில கற்களில் சொந்தமானது, பல கற்களில் வந்து சேர்ந்தது. பார்த்த மாத்திரத்தில் எது எந்த வகை என்று தெரியாது, அதனால் நிறத்தை வைத்து ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது.

இரண்டு வார்த்தைகள் மட்டும் தெரிந்துகொள்வோம்

கனிமம் என்றால் ஒரே பொருளால் ஆனது, உள்ளே அணுக்கள் ஒழுங்காக, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அடுக்கியிருப்பது. உப்புக்கல் போல. பாறை என்றால் பல கனிமங்கள் சேர்ந்தது, மிக்சர் போல. கடலையை மட்டும் எடுத்தால் கனிமம், கைப்பிடி மிக்சர் பாறை.

நகைக்கடைக்காரர் சொன்ன லாபிஸ் லசுலி உண்மையில் ஒரு பாறை. நீலமான லசுரைட், வெள்ளையான கால்சைட், பொன் பொட்டு மாதிரி மின்னும் பைரைட் எல்லாம் கலந்தது. ஆப்கானிஸ்தானில் பதக்‌ஷான் பகுதியின் சர்-இ-சங் சுரங்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான வருஷமாக வருகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் அதை அரைத்துத்தான் அல்ட்ராமரைன் என்ற விலையுயர்ந்த நீல வண்ணம் செய்தார்கள். அதையே உலையில் செயற்கையாகச் செய்ய 1820களில் வழி கண்டுபிடித்தார்கள், அப்புறம் விலை சரிந்து துணிக்குப் போடும் நீலப்பொடியாக வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பழைய நீலப்பொடிக் கட்டியும் ராஜாக்கள் விரும்பிய லாபிஸும் நிறத்தில் உறவுக்காரர்கள்.

கையை வைக்கும் முன்

பழைய பெட்டி கிடைத்தால் முதலில் எல்லோரும் செய்வது கற்களைக் குழாயடியில் கழுவுவது. தயவுசெய்து வேண்டாம். சில நீலக் கற்கள் தண்ணீரில் கரைந்துவிடும். துருசு என்று நாம் சொல்கிறோமே, மயில்துத்தம், அது அழகான நீலப் படிகமாக வளரும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வளர்த்ததைக்கூடச் சிலர் கல் சேகரிப்பில் போட்டு வைத்திருப்பார்கள். அது விஷம். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

நீலமாக, நார் நாராக, பஞ்சு போலப் பிரிகிற கல் இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். நீல ஆஸ்பெஸ்டாஸ் என்று ஒன்று உண்டு, அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துக்கூட உயிரைக் குடிக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஜிப் பையில் போட்டு மூடிவிட்டு, தெரிந்தவர்களிடம் காட்டுவதுதான் சரி.

அடுத்தது சீட்டு. அரித்துப் போன சீட்டுதானே என்று கிழித்துப் போடாதீர்கள். கல் எங்கே கிடைத்தது என்ற தகவல் கல்லைவிடப் பெரியது. சீட்டே இல்லாவிட்டாலும், ஒரு கல் யாரோடு இருக்கிறது என்பது சாட்சி சொல்லும். அந்தப் பெட்டியில் மற்ற கற்களைப் பார்த்தேன். கையில் எடுத்தாலே கனத்துக் கையெல்லாம் செம்மண் நிறம் ஒட்டுகிற இரும்புத்தாது நான்கைந்து. காக்காப்பொன் தகடுகள். பாசி படர்ந்தது போலப் பச்சைப் பூச்சு உள்ள செம்புத்தாது இரண்டு. இந்த மூன்றும் பெரியப்பா இருந்த ஊரைச் சுற்றிய சிங்பூம் பகுதியில் கிடைக்கக்கூடியவை. நோவாமுண்டி பக்கம் இரும்பு, மோசபானி பக்கம் செம்பு. நவரத்தின நீலத்துக்குப் பேர் போன இலங்கையின் இரத்தினபுரியிலிருந்து ஒரு கல் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்வது முடியாதது இல்லை, ஆனால் அப்படி நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்பூமில் ஜாதுகுடா என்ற இடத்தில் யுரேனியம் எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பழைய சேகரிப்பில் அளவுக்கு மீறிக் கனக்கிற கறுப்புக் கல்லோ, பளிச்சென்ற மஞ்சள் பூச்சுள்ள கல்லோ இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். பயப்படச் சொல்லவில்லை, கவனமாக இருக்கச் சொல்கிறேன்.

சந்தேகத்துக்குரியவர்கள்

இப்போது பட்டியல் சுருங்கிவிட்டது. செம்புச் சுரங்கம் பக்கத்தில் இருப்பதால் அசுரைட்டாக இருக்கலாம். எஃகு ஆலைக்காரர் என்பதால் உலைக் கசடாக இருக்கலாம். தாதுவை உருக்கும்போது மேலே மிதந்து ஒதுங்குகிற கண்ணாடி மாதிரியான கழிவு அது, இரும்புக் கிட்டம் என்பார்கள். சில சமயம் அது அருமையான நீலத்தில் உறையும். ஸ்வீடனில் பழைய இரும்பு உலைகளின் நீலக் கசடை மெருகேற்றி நகையாகவே விற்கிறார்கள். அப்புறம் வீட்டார் சொன்ன நீலமும் லாபிஸும். கடைசியாக லாபிஸ் என்று பலர் ஏமாறுகிற சோடலைட், அது ராஜஸ்தானில் கிஷன்கர் பக்கம் கிடைக்கிறது.

ஐந்து பேர். ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டியதுதான்.

முதல் சோதனை: உற்றுப் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் வைப்பது மாதிரி. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கல்லை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அவசரமே வேண்டாம், நான் அன்றைக்கு அரைமணி நேரம் அதை மட்டும்தான் செய்தேன்.

கசடு என்றால் உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும், தோசையில் விழும் ஓட்டை போல வட்ட வட்டமாக. உடைந்த இடம் சிப்பி ஓடு மாதிரி வளைந்து வளைந்து இருக்கும், ஏனென்றால் கண்ணாடிக்குள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை, இங்கேதான் பிளக்க வேண்டும் என்று ஒரு திசையும் அதற்குக் கிடையாது. ஒழுங்காக அடுக்கிய கனிமம் பெரும்பாலும் அப்படி உடையாது. அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு குறைவான திசையில் நேராகப் பிளக்கும். இதற்குப் பிளவு என்று பெயர். காக்காப்பொன் தகடு தகடாக உரிவது பிளவால்தான்.

7ஆம் எண் கல்லில் குமிழி ஒன்றுகூட இல்லை. அது தட்டையான நீண்ட பட்டைகள் ஒட்டி நிற்பது போல இருந்தது, ஸ்கேல்களை அடுக்கிச் சற்றே கலைத்துவிட்டது மாதிரி. ஒவ்வொரு பட்டையின் முகத்திலும் முத்துச்சிப்பி உள்பக்கம் போல ஒரு மினுமினுப்பு. வெள்ளைக் கால்சைட் இல்லை, பொன் பொட்டுகள் இல்லை. லாபிஸும் சோடலைட்டும் இப்படிப் பட்டை பட்டையாக வளர்வதில்லை, பொடிக் குருணை இறுகியது போலக் கட்டியாகத்தான் இருக்கும்.

கசடு போய்விட்டது. லாபிஸ், சோடலைட் இரண்டும் கிட்டத்தட்டப் போய்விட்டன.

இரண்டாவது சோதனை: உரைத்துப் பார்ப்பது

இந்தச் சோதனையை நம் ஆசாரிகளுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். உரைகல்லில் நகையை ஒரு இழு இழுத்து, விழுந்த கோட்டைப் பார்த்து மாற்றுச் சொல்வார்கள். கனிமத்துக்கும் அதேதான். மெருகு போடாத பீங்கானில் கல்லைத் தேய்த்தால் தூள் ஒரு கோடாக விழும். அந்தக் கோட்டின் நிறத்தைத் தூள் நிறம் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பீங்கான் துண்டு வாங்க வேண்டியதில்லை, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்குமே, அது போதும். பீங்கான் டைல்ஸின் பின்பக்கமும் ஆகும்.

கறுப்பு உளுந்து வெளியில் கறுப்புதான், தோல் நீக்கி அரைத்தால் மாவு வெள்ளை. கல்லிலும் மேல் நிறம் ஒன்று, தூள் நிறம் வேறொன்றாக இருக்கும். தூளாக்கினால் வந்து சேர்ந்த நிறம் காணாமல் போய்விடும், சொந்த நிறம் மட்டும் நிற்கும். பெட்டியில் இருந்த இரும்புத்தாது ஒன்று பார்வைக்கு எஃகு மாதிரி சாம்பல் நிறம், கோப்பையில் தேய்த்தால் குங்குமம் குழைத்தது போலச் செங்கோடு விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா தானே வாங்கித் தேய்த்துப் பார்த்தார்.

அசுரைட்டாக இருந்தால் தூள் இளநீலமாக விழ வேண்டும், செம்பு சொந்த நிறம் என்பதால். லாபிஸிலும் தூளில் நீலச்சாயல் வரும். சோடலைட் வெள்ளை. நம் கல்லின் ஒரு மூலையை எடுத்துக் கோப்பையின் அடியில் அழுத்தி இழுத்தேன்.

வெள்ளை. நீலம் என்ற பேச்சே இல்லை, சுண்ணாம்புக் கோடு போல.

அசுரைட் வெளியே. செயலி சொன்ன மூன்று பெயரில் ஒன்று அசுரைட்தான், ஒரு கோப்பை அதை முடித்துவைத்தது.

மூன்றாவது சோதனை: கீறிப் பார்ப்பது (இங்கேதான் குழப்பம் வந்தது)

கடினத்தன்மை என்ற சொல்லைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சுத்தியலால் அடித்தால் உடையுமா என்பது அதன் அர்த்தம் இல்லை. வைரத்தைக்கூடச் சுத்தியலால் உடைத்துவிடலாம். கடினத்தன்மை என்றால் கீறல் விழாமல் தாங்குகிற குணம். எது எதைக் கீறுகிறது என்பதுதான் கணக்கு.

1812இல் ஃபிரீட்ரிஷ் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துக் கனிமங்களை இப்படி வரிசைப்படுத்தினார். மாக்கல்லில் இருக்கும் டால்க் 1, வைரம் 10. வெங்கச்சங்கல் என்று ஊரில் சொல்லும் குவார்ட்ஸ் 7, குருந்தம் 9. நம் நகம் 2.5 அளவுக்கு வரும், சாதாரண கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் 5.5 சுற்றி. இது வகுப்பில் போடும் ரேங்க் மாதிரி, மார்க் இல்லை. முதல் ரேங்குக்கும் இரண்டாம் ரேங்குக்கும் நடுவே எத்தனை மார்க் இடைவெளி என்று ரேங்க் சொல்லாது. 9க்கும் 10க்கும் நடுவே இருக்கும் இடைவெளி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

நவரத்தின நீலம் குருந்தம் என்பதால் 9. சமையலறைக் கத்தி அதை எந்தப் பக்கமும் கீறாது. எனவே அண்ணன் சொன்னது உண்மையா என்று பார்க்க ஒரு கத்தி போதும். (வெட்டி மெருகேற்றிய கல்லில் இதைச் செய்யாதீர்கள், கீறல் விழுந்தால் மதிப்பு போய்விடும். காட்டிலிருந்து வந்த முரட்டுக் கல்லில், கண்ணில் படாத மூலையில் மட்டும்.)

பட்டையின் நீளவாக்கில் கத்தி முனையை அழுத்தி இழுத்தேன். கீறல் விழுந்தது. ஆக நீலம் இல்லை, கத்தியைவிட மிருதுவான கல். சரி, இன்னொரு தடவை உறுதிசெய்து கொள்ளலாம் என்று குறுக்குவாக்கில் இழுத்தேன். கத்தி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு பளபளப்பான கோடு மட்டும் தெரிந்தது. ஈர விரலால் துடைத்தேன், கோடு அழிந்துவிட்டது. இது கவனிக்க வேண்டிய இடம்: கத்தி தோற்றால் கத்தியின் உலோகம்தான் கல்லில் தடவிக்கொண்டு பளபளவென்று கோடு விடும், புதிதாகச் செய்கிறவர்கள் அதைக் கீறல் என்று நினைத்துவிடுவார்கள். துடைத்தால் போய்விட்டால் கீறல் இல்லை.

ஒரே கல், ஒரே கத்தி, ஒரே நிமிஷம். நீளவாக்கில் கத்தி ஜெயிக்கிறது, குறுக்கே கல் ஜெயிக்கிறது. நான் தப்பாகச் செய்கிறேன் என்று நினைத்து வேறு பட்டையில் செய்து பார்த்தேன். அதே பதில்.

இதுவரை பார்த்ததைக் கோர்த்துக்கொள்வோம். குமிழி இல்லை, பட்டை பட்டையாக வளர்ந்திருக்கிறது, தூள் வெள்ளை, கத்தி ஒரு திசையில் கீறுகிறது, இன்னொரு திசையில் கீறவில்லை. முதலில் இருந்த ஐந்து பேரில் யாருக்கும் இது பொருந்தவில்லை. அப்படியானால் பட்டியலிலேயே இல்லாத ஆள்.

நான்காவது சோதனை: தண்ணீரில் எடை

பஞ்சும் இரும்பும் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே அளவுள்ள இரண்டு பொருளில் எது கனம் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒரு பொருள், தன் அளவேயான தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதை ஒப்படர்த்தி என்பார்கள். குவார்ட்ஸ் 2.65, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே.

கோணல்மாணலான கல்லின் கன அளவை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. ஆனால் ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், தையல் நூல் இருந்தால் போதும். முதலில் கல்லின் எடை: 86 கிராம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய கல்லைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முழுக்க முங்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் இடிக்கக் கூடாது, நூலைக் கையில் பிடித்திருக்க வேண்டும். தராசு இப்போது காட்டுவது கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே விஷயம். எனக்கு 24 கிராம் காட்டியது.

86ஐ 24ஆல் வகுத்தால் 3.58.

இந்தக் கல் அதே அளவுக்குக் குவார்ட்ஸாக இருந்திருந்தால் 64 கிராம்தான் இருந்திருக்கும். சோடலைட்டாக இருந்தால் 55 பக்கம். நவரத்தின நீலமாக இருந்தால் 96. அசுரைட்டின் ஒப்படர்த்தி 3.77, அது நம் எண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, சமையலறைத் தராசில் அரை கிராம் முன்னே பின்னே காட்டினாலே விடை 3.5க்கும் 3.66க்கும் நடுவே ஆடும் என்பதால் எடையை மட்டும் நம்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் தீர்ந்திருக்காது. ஆனால் தூள் நிறம் அசுரைட்டை ஏற்கெனவே வெளியே அனுப்பிவிட்டது. எந்தச் சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை, ஒன்று விட்ட ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது.

கயனைட்

நீலம், பட்டை வடிவம், வெள்ளைத் தூள், 3.53 முதல் 3.67 வரை ஒப்படர்த்தி, திசைக்குத் திசை மாறும் கடினத்தன்மை. இந்த ஐந்தும் ஒன்றாகப் பொருந்துகிற கனிமம் கயனைட். நீளவாக்கில் அதன் கடினத்தன்மை 5க்குக் கொஞ்சம் கீழே, குறுக்கே 6.5 முதல் 7 வரை. கத்தி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் ஜெயித்து ஒரு பக்கம் தோற்றது. 1789இல் வெர்னர் என்பவர் கிரேக்க மொழியில் நீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். பிரெஞ்சில் இதற்கு டிஸ்தீன் என்று இன்னொரு பெயர் உண்டு, "இரண்டு வலிமை கொண்டது" என்று அர்த்தம்.

ஏன் இப்படி? மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் அரிவாளை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சரசரவென்று பிளந்துகொண்டு போகும். குறுக்கே வெட்டப் போனால் ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். கயனைட்டுக்குள் அலுமினியமும் ஆக்சிஜனும் நீண்ட சங்கிலிகளாகக் கல்லின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன, சங்கிலிக்குள் பிடிப்பு பலம், சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பிடிப்பு அவ்வளவு இல்லை. நீளவாக்கில் கீறும்போது கத்தி சங்கிலிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. குறுக்கே போனால் சங்கிலிகளை உடைக்க வேண்டியிருக்கிறது, முடியவில்லை. கண்ணுக்குத் தெரியவே தெரியாத அணு அடுக்கை ஒரு காய்கறிக் கத்தியால் கையில் உணர முடிகிறது என்பது எனக்குப் பெரிய அதிசயம். அதன் பிறகு ரொம்ப நேரம் அந்தக் கல்லைக் கீழே வைக்க மனசே வரவில்லை.

இப்போது முதலில் ஞாபகம் வைக்கச் சொன்னது. கயனைட்டுக்கு நீலம் எங்கிருந்து வருகிறது? இரும்பும் டைட்டானியமும், நவரத்தின நீலத்தில் நடக்கும் அதே எலக்ட்ரான் தாவல்தான். நீலத்தில் அலுமினியமும் ஆக்சிஜனும், கயனைட்டில் அவற்றோடு சிலிக்கானும். விருந்தாளி ஒருவரே, வீடு வேறு. அண்ணனின் கண் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது உண்மையிலேயே அதே நீலம். அது இருக்கும் வீடு எது என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் எப்படி வந்தது

சிங்பூம் பக்கம் லாப்சா புரு என்று ஒரு மலை இருக்கிறது. புரு என்றால் அங்கே ஹோ, முண்டா மக்களின் மொழிகளில் மலை. கயனைட்டுக்குப் பேர் போன இடம். எஃகு ஆலைக்கும் இந்தக் கல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கயனைட்டை 1300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது முல்லைட் என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது, கடும் வெப்பத்தில் உருகாது, விரிசல் விடாது. இரும்பு உருக்கும் உலைகளின் உள்பக்கம் பதிக்கும் தீச்செங்கலுக்கு அதுதான் வேண்டும். மாறும்போது கல் நன்றாக உப்பும் என்பதால் முன்கூட்டியே சுட்டு, உப்பவிட்டு, பிறகுதான் செங்கல் செய்வார்கள். பெரியப்பா மலையில் பொறுக்கினாரா, ஆலைக்கு வந்த மூட்டையிலிருந்து எடுத்தாரா என்று இனிமேல் கேட்க முடியாது.

விலையைப் பற்றிக் கேட்டார்கள். முரட்டுக் கயனைட்டுக்குக் கல் வியாபாரத்தில் பெரிய விலை இல்லை, தெளிவாக, விரிசல் இல்லாமல் இருந்தால் மட்டும்தான் வெட்டி நகையில் வைப்பார்கள், எளிதில் பிளந்துவிடும் என்பதால் அதுவும் கஷ்டமான வேலை. பெரியம்மாவிடம் இது சனி பகவானுக்குரிய நீலம் இல்லை, வேறு கல் என்று சொன்னதும் முகம் தெளிந்தது.

வீட்டுச் சோதனை போதாதபோது

உங்கள் கல் இவ்வளவு ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது. மணியாகக் கோத்த நீலக் கற்களில் பல வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியவை, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்தால் சிலவற்றில் நிறம் பஞ்சுக்கு வந்துவிடும். நீலக் கால்சைட் என்றால் வினிகர் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். மற்றபடி குழப்பம் தீராவிட்டால் நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது. சேகரிப்பின் கதையையும் சேர்த்துச் சொன்னால் ஆசிரியர்கள் ஆர்வத்தோடு பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

ஆய்வகத்தில் கல்லை உடைக்காமலே பெயர் சொல்லும் கருவி ஒன்று உண்டு, ராமன் நிறமாலைமானி. லேசர் ஒளியைக் கல்லின் மேல் விட்டால் திரும்பி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது கல்லுக்குள் அணுக்கள் எப்படிப் பிணைந்து அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது, எனவே ஒவ்வொரு கனிமத்துக்கும் கைரேகை மாதிரி தனி வடிவம் வரும். 1928இல் சர் சி.வி.ராமன் கண்டுபிடித்த விளைவு அது, 1930இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ராமனுக்கே கற்களின் மேல் தீராத பிரியம், பெங்களூரில் அவர் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் அவர் சேர்த்த கனிமங்களும் மணிகளும் இருக்கின்றன.

சீட்டு

கடைசி வேலை புதுச் சீட்டு எழுதுவது. கல்லில் பட்டாணி அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்து, காய்ந்ததும் அதில் கறுப்பு மையால் எண்ணை எழுத வேண்டும், காகிதத்தைப் பூச்சி தின்றாலும் எண் போகாது. எண்ணுக்குரிய விவரம் தனி நோட்டில். பழைய சீட்டின் மிச்சத்தைச் சின்ன ஜிப் பையில் போட்டுக் கல்லோடு வைத்தேன். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "7. கயனைட். 86 கிராம், ஒப்படர்த்தி 3.58, தூள் வெள்ளை, கத்தி நீளவாக்கில் கீறும், குறுக்கே கீறாது. இடம்: சிங்பூமாக இருக்கலாம், உறுதி இல்லை. சேகரித்தவர்: பெரியப்பா."

8ஆம் எண் ஒரு பச்சைக் கல். நாளைக்கு அதைப் பிரிக்க வேண்டும், கோப்பையைக் கழுவி வைத்தாகிவிட்டது.